‘நான் தைவான்காரன்’ என்பவர் யாருக்கு ஓட்டுப் போடுவார்?

கேள்வி இது: ஒரு நாட்டு மக்கள் ‘நாம் யார்’ என்று தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் அவர்களுடைய ஓட்டை உண்மையிலேயே மாற்றுகிறதா? இல்லை, அதெல்லாம் மேடைப் பேச்சுதான், கடைசியில் விலைவாசியும் வேலையும் வாடகையும்தான் ஜெயிக்குமா?

மாற்றுகிறது. ஆனால் பலரும் நினைக்கிற வழியில் மாற்றுவதில்லை. எந்தக் கட்சிக்குப் போடுவது என்பதை அது நேராகச் சொல்லித் தருவது குறைவு. எதைப் பேசினால் ஒரு கட்சி ஓட்டே கேட்க முடியாமல் போகும் என்பதை அதுதான் வகுக்கிறது. வயலுக்குப் போட்ட வேலி மாதிரி. வேலியை யாராவது பிடுங்க வந்தால் ஊரே திரண்டு வரும். யாரும் வரவில்லை என்றால், வேலி இருப்பதே ஒருவருக்கும் நினைவிருக்காது. உள்ளே என்ன விளைந்தது என்பதைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்.

ஸ்காட்லாந்து, கியூபெக், கேட்டலோனியா என்று எதை வைத்தும் இதைப் பேசலாம். நான் தைவானை எடுத்துக்கொள்கிறேன். ஆராய்ச்சிப் படிப்புக்காக அங்கே சில வருடங்கள் இருந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ‘நீங்கள் யார்?’ என்ற ஒரே கேள்வியை ஒரே மாதிரி முப்பது வருடங்களுக்கு மேலாக மக்களிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிற இடம் உலகத்தில் அதிகம் கிடையாது.

2020 ஜனவரி 11, சனிக்கிழமை. ஜனாதிபதித் தேர்தல் நாள். சின்ச்சு நகரத்தில் நான் தங்கியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். மாலை நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. பெட்டியை எங்கேயும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதே அறையிலேயே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஒருவர் சீட்டை எடுத்து, விரித்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, எண்ணையும் பெயரையும் உரக்கச் சொல்கிறார். ‘மூன்றாம் எண், சாய் இங்-வென்!’ இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுகிறார். நாம் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்போமே, அவர்கள் ஐந்து கோடுள்ள ஒரு சீன எழுத்தை ஒவ்வொரு கோடாக எழுதி முடிப்பார்கள். ஒரு எழுத்து முடிந்தால் ஐந்து ஓட்டு. ‘இரண்டாம் எண், ஹான் குவோ-யூ!’ ‘மூன்றாம் எண்...’ பக்கத்தில் ஒரு பாட்டி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே நின்றார்.

என் ஆய்வகத் தோழி அன்று ஊரில் இல்லை. தைவானில் தபால் ஓட்டு கிடையாது. குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போய்த்தான் போட வேண்டும். அதனால் தேர்தல் நாள் என்றால் நம் ஊர்ப் பொங்கல் கூட்டம்தான். ரயிலில் நிற்க இடம் இருக்காது. அவள் தாவோயுவானைச் சேர்ந்த, ஹக்கா என்ற சிறுபான்மை மொழி பேசும் குடும்பத்துப் பெண். அப்பா அம்மா இரண்டு பேரும் கோமிண்டாங் கட்சிக்கே போட்டுப் பழகியவர்கள். இவள் அந்த வருடம் எதிரணியான ஜனநாயக முன்னேற்றக் கட்சியின் சாய் இங்-வென்னுக்குப் போட்டாள். வீட்டில் சண்டை வருமா என்று கேட்டேன். ‘சண்டையெல்லாம் இல்லை, சாப்பாட்டு மேசையில் டிவியை அணைத்துவிடுவோம்’ என்றாள்.

சுவாரசியம் என்னவென்றால், ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால் அந்த வீட்டில் எல்லோருமே தைவான்காரர் என்றுதான் சொல்வார்கள். அப்பா மட்டும் ஒரு வார்த்தை சேர்ப்பார்: ‘சீனரும்தான்.’

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் பிடியில். போர் முடிந்ததும் சீனக் குடியரசு, அதாவது சியாங் கை-ஷேக்கின் கோமிண்டாங் ஆட்சி, தீவை எடுத்துக்கொண்டது. 1947 பிப்ரவரி இறுதியில் தைபேயில் சிகரெட் விற்ற ஒரு பெண்ணை அதிகாரிகள் அடித்ததில் கிளம்பிய கலவரத்தை ராணுவம் அடக்கியபோது ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1949-இல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற சியாங், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு தைவானுக்கே வந்து சேர்ந்தார். அதே வருடம் போட்ட ராணுவச் சட்டத்தை 1987 ஜூலையில்தான் எடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடம்.

அந்த முப்பத்தெட்டு வருடமும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: நாம் சீனர்கள், ஒருநாள் பெருநிலத்தை, அதாவது சீனாவை, மீட்போம். வீட்டில் பேசும் ஹொக்கியனை வகுப்பில் பேசினால் அபராதம். கழுத்தில் அட்டையும் தொங்கவிடுவார்கள். அடையாள அட்டையில் ‘பூர்வீகம்’ என்று ஒரு வரி. தைபேயில் பிறந்து, தைபேயிலேயே வளர்ந்த பையனின் அட்டையில் ‘ஹுனான்’ என்று இருக்கும், அவன் அப்பா அங்கிருந்து வந்தவர் என்பதால். அந்தப் பையன் ஹுனானைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். 1947, 48-இல் சீனாவில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே 1991 முடியும் வரை தைபேயில் உட்கார்ந்து சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொகுதி கடலுக்கு அந்தப் பக்கம், உறுப்பினர் இந்தப் பக்கம்.

1992-இல் மூன்று காரியங்கள் நடந்தன. அடையாள அட்டையில் பூர்வீகத்துக்குப் பதில் பிறந்த இடம் என்று மாற்றினார்கள். நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தைவான் மக்கள் முழுசாகத் தேர்தல் நடத்தினார்கள். தேசிய செங்சி பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வு மையம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது: நீங்கள் தைவான்காரரா, சீனரா, இரண்டுமா?

அந்த முதல் வருடம் ‘தைவான்காரர் மட்டும்’ என்றவர்கள் 17.6 சதவீதம். ‘சீனர் மட்டும்’ 25.5. ‘இரண்டும்’ 46.4. பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். 2020-இல் அதே கேள்விக்குத் ‘தைவான்காரர் மட்டும்’ ஏறக்குறைய 64 சதவீதம். ‘சீனர் மட்டும்’ மூன்று சதவீதம்கூட இல்லை. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் மனசு இப்படித் திரும்பி நிற்பது அபூர்வம்.

சரி, இப்போது கணக்குப் போடுங்கள். தைவான் தனி அடையாளத்துக்காகவே 1986-இல் பிறந்த கட்சி ஜனநாயக முன்னேற்றக் கட்சி. சீனாவோடு நெருக்கம் வேண்டும் என்பது கோமிண்டாங். அடையாளம்தான் ஓட்டு என்றால், அந்தக் கோடு மேலே ஏற ஏற முன்னேற்றக் கட்சியின் ஓட்டும் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும், இல்லையா?

போகவில்லை. 2008-இல் ‘தைவான்காரர் மட்டும்’ பாதியை நெருங்கிவிட்டது. அந்த வருடம்தான் கோமிண்டாங்கின் மா யிங்-ஜியோ 58 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். 2012-இலும் அவரே. முந்தைய முன்னேற்றக் கட்சி ஆட்சியின் ஊழல் வழக்குகள், மந்தமான சம்பளம், சீனச் சந்தை என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மாவின் ஆறேழு வருட ஆட்சியில், சீனாவோடு ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம் போட்ட காலத்தில்தான், தைவான் அடையாளம் விறுவிறுவென்று ஏறி 60 சதவீதத்தைத் தொட்டது. அப்புறம் 2016-இல் முன்னேற்றக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் இறங்கி, 2018-இல் 55-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இதை முதலில் பார்த்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: பறிபோகும் என்று பயம் வரும்போதுதான் ஆட்கள் அதை இறுக்கிப் பிடிக்கிறார்கள். நமக்கு வேண்டப்பட்ட ஆட்சி இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்றால் பிடி தளர்கிறது. நகை வீட்டில் இருக்கிறவரை யாரும் தினமும் எடுத்துப் பார்ப்பதில்லை.

காவோசியுங் என்ற ஒரே ஊரை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெற்கே பெரிய துறைமுக நகரம். எஃகு, கப்பல் கட்டுமானம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு. 1979 டிசம்பரில் ராணுவச் சட்டத்தை எதிர்த்து நடந்த பேரணியை அடித்துக் கலைத்து, தலைவர்களைச் சிறையில் போட்ட ஊர் இது. அந்த வழக்கில் உள்ளே போனவர்களும் அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களும்தான் பின்னால் முன்னேற்றக் கட்சியின் தலைமை ஆனார்கள். 1998 முதல் இருபது வருடம் நகராட்சி அந்தக் கட்சியின் கையில். அடையாள அரசியலுக்குக் கோட்டை என்று ஒன்று இருந்தால் இதுதான்.

2018 நவம்பரில் ஹான் குவோ-யூ என்ற கோமிண்டாங் ஆள் இங்கே வந்து நின்றார். வழுக்கைத் தலை, பாட்டில் தண்ணீரைக் காட்டியே பேச்சு, கொஞ்சம் கோமாளித்தனம். அடையாளச் சண்டையைத் தொடவே இல்லை; சீனாவைப் பேசினாலும் வியாபாரம்தான். அவருடைய கோஷம் இவ்வளவுதான்: சரக்கு வெளியே போகணும், ஆள் உள்ளே வரணும், காவோசியுங் பணக்கார ஊர் ஆகணும். ஊர் பழசாகிவிட்டது, பிள்ளைகள் வேலை தேடி வடக்கே போய்விட்டார்கள் என்று ஜனங்களுக்கே தெரிந்திருந்தது. 8,92,545 ஓட்டு, கிட்டத்தட்ட 54 சதவீதம் வாங்கி மேயர் ஆனார். அந்தத் தேர்தலில் தீவு முழுக்கவே முன்னேற்றக் கட்சிக்குச் சரியான அடி. கையிலிருந்த 13 மாவட்ட, நகர ஆட்சிகளில் 6 மட்டும் மிச்சம். ஜனாதிபதி சாய் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். அவர் கதை முடிந்தது என்றே எல்லோரும் எழுதினார்கள்.

2019 ஜனவரி 2 அன்று சீன அதிபர் சி ஜின்பிங் ஒரு உரையாற்றினார்: தைவானுக்கும் ஹாங்காங்கைப் போல ‘ஒரு நாடு, இரண்டு அமைப்பு’தான் வழி, அதாவது சீனாவுக்குள், ஆனால் தனி அமைப்போடு; படைபலத்தைக் கைவிடுவதாக வாக்குறுதி தர மாட்டோம். ஜூன் மாதம் ஹாங்காங் தெருவில் இறங்கியது. ‘இரண்டு அமைப்பு’ எப்படி இருக்கும் என்பதைத் தைவான் ஒவ்வொரு ராத்திரியும் டிவியில் பார்த்தது. வேலியை ஆட்டிப் பார்த்தாயிற்று.

ஹானிடம் ஹாங்காங் பேரணியைப் பற்றி நிருபர்கள் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றார். அந்த ‘தெரியாது’ அவரை விடவே இல்லை. ஒரு வாரத்துக்குள் மேடையேறி, ‘ஒரு நாடு, இரண்டு அமைப்பு’ தைவானுக்கு வர வேண்டுமானால் என் பிணத்தைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே கத்தினார். நான் வேலி என்று சொன்னது இதைத்தான். சீனாவோடு வியாபாரம் பேசி ஜெயித்த மனிதர், ஓட்டுக் கேட்க வேண்டுமானால் இதைச் சொல்லியே ஆக வேண்டிய நிலைமை. கருத்துக்கணிப்பில் பதிவாவது ஓட்டுதான். ஒருவரை இப்படிக் கத்த வைத்தது எது என்பது அங்கே தெரியாது.

2020 ஜனவரியில் சாய் நாடு முழுக்க 57 சதவீதம் வாங்கினார், 81 லட்சத்துக்கும் மேல். ஹான் 38.6. காவோசியுங்கிலேயே சாய்க்கு 60 சதவீதத்துக்கு மேல். அந்த ஜூன் மாதம் ஹானை மேயர் பதவியிலிருந்து திரும்பப் பெற வாக்கெடுப்பு வைத்தார்கள். நீக்கச் சொல்லி விழுந்த ஓட்டு 9,39,090. அவரைத் தேர்ந்தெடுக்க விழுந்ததைவிட அதிகம். முழுக்க அடையாளத்தின் வேலை என்று சொல்லிவிட முடியாது. மேயர் நாற்காலி சூடாவதற்குள் ஜனாதிபதி ஆகக் கிளம்பிவிட்டாரே என்ற ஊர்க்காரர்களின் கோபமும் அதில் பாதி இருக்கும். ஆனாலும் ஒரே ஊர், ஒரே ஜனம், ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் தலைகீழ். அதற்குள் கணிப்பில் தைவான் அடையாளம் கொஞ்சம் ஏறியது உண்மை, ஆனால் ஊரையே புரட்டும் அளவுக்கு இல்லை. கேள்வி மாறிவிட்டது.

இது புதுசும் இல்லை. 1996-இல் முதல் நேரடி ஜனாதிபதித் தேர்தல் சமயத்தில் சீனா தீவுக்குப் பக்கத்துக் கடலில் ஏவுகணை விட்டது. யாரைத் தோற்கடிக்க விட்டதோ அந்த லீ தெங்-ஹுய், அப்போதைய கோமிண்டாங் ஜனாதிபதி, 54 சதவீதம் வாங்கினார். 2000-இல் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு சீனப் பிரதமர் எச்சரித்தார். எச்சரிக்கை யாரை நினைத்தோ, அந்த முன்னேற்றக் கட்சி வேட்பாளரே ஜெயித்தார். முன்னேற்றக் கட்சிக்குப் பெய்ஜிங்கைவிடச் சிறந்த பிரச்சாரகர் இல்லை என்று அங்கே டீக்கடைப் பேச்சாகவே சொல்வார்கள். டீக்கடை என்றால் பப்புள் டீக்கடை.

2016-இல் நடந்தது கொரியப் பாட்டு கேட்கும் நம் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். ட்வைஸ் குழுவின் சோவ் சு-யூ, தைவான் பெண், அப்போது வயது 16. ஒரு கொரிய நிகழ்ச்சியில் தைவான் கொடியைக் கையில் பிடித்திருந்தாள். சீனாவில் எதிர்ப்பு கிளம்பியது, நிகழ்ச்சிகள் ரத்தாயின. தேர்தலுக்கு முந்தைய இரவு ஒரு வீடியோ வெளியானது. கறுப்பு உடை, வெளிறிய முகம். குனிந்து வணங்கிவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து, சீனா ஒன்றுதான், நான் சீனர் என்பதில் எப்போதும் பெருமைப்படுகிறேன் என்று வாசிக்கிறாள். மறுநாள் ஓட்டு. காலையிலிருந்து எல்லாச் சேனலிலும் அதே. அவள் பிடித்திருந்தது சீனக் குடியரசின் கொடி, கோமிண்டாங்கே சீனாவிலிருந்து கொண்டுவந்த கொடி. அதில் பிரிவினை தேட ஒன்றும் இல்லை. அன்று மூன்று வேட்பாளர்களும் அவளுக்காகத்தான் பேசினார்கள், கோமிண்டாங் வேட்பாளர் உட்பட. அந்த வீடியோ இல்லாவிட்டாலும் சாய் ஜெயித்திருப்பார், முன்பே வெகுதூரம் முன்னால் இருந்தார். ஆனால் ஒரு பள்ளிக்கூட வயசுப் பெண்ணை இப்படி வாசிக்க வைத்ததைப் பார்த்து வளர்ந்த வயசுக்காரர்கள் என் தோழி போன்றவர்கள். அவர்களிடம் ‘சீனரும்தான்’ என்ற வார்த்தையை இனி எப்படி வாங்குவது?

கட்சிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 1998-இல் தைபே மேயர் தேர்தல். மா யிங்-ஜியோ ஹாங்காங்கில் பிறந்தவர், பெற்றோர் பெருநிலத்துக்காரர்கள். பிரச்சார மேடையில் ஜனாதிபதி லீ அவர் கையைப் பிடித்து, நீ எந்த ஊர்க்காரன் என்று உள்ளூர் மொழியில் கேட்டார். மா, தான் ஒரு ‘புதுத் தைவான்காரர்’, தைவான் தண்ணீர் குடித்துத் தைவான் சோறு தின்று வளர்ந்தவன் என்று அதே மொழியில் பதில் சொன்னார். ஒத்திகை பார்த்த நாடகம்தான், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேலை செய்தது. அதுவரை பூர்வீகத்தை வைத்து அளந்த ஒன்றை, ‘எங்கே சாப்பிட்டு வளர்ந்தாய்’ என்பதை வைத்து அளக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அதே மா, 2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஒரு ஜெர்மானியத் தொலைக்காட்சிப் பேட்டியில், சீனா-தைவான் உறவில் சி ஜின்பிங்கை நம்பத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசிவிட்டார். கோமிண்டாங்கின் வேட்பாளர் ஹௌ யூ-யீ, தெற்குத் தைவானில் பிறந்த முன்னாள் போலீஸ்காரர், அவசரமாக விலகி நின்றார். கடைசி நாள் பொதுக்கூட்ட மேடையில் மாவுக்கு இடமில்லை. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த சொந்தக் கட்சிக்காரர்! கோமிண்டாங் தோற்கிறதா ஜெயிக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. கோமிண்டாங்கே தைவான்காரர் கட்சியாக வேஷம் மாற வேண்டியிருந்தது என்பதுதான் என் கண்ணுக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை முன்னேற்றக் கட்சிக்காரர்கள் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். ‘தைவான்காரர்’ என்ற சொல்லுக்குள் யார் யார்? ஜனத்தொகையில் பெரும்பங்கு ஹொக்கியன் பேசுபவர்கள். அவர்கள் தங்கள் மொழியைச் சாதாரணமாகத் ‘தைவான் மொழி’ என்றே சொல்வார்கள். என் தோழியின் அப்பாவுக்கு அதைக் கேட்டால் எரிச்சல். ‘அப்படியென்றால் நான் பேசும் ஹக்கா எந்த நாட்டு மொழி?’ என்பார். ஹக்கா மக்கள் அதிகமுள்ள மியாவ்லி, சின்ச்சுப் பக்கமெல்லாம் நெடுங்காலமாகக் கோமிண்டாங்குக்குச் சாய்வதற்கு உள்ளூர்த் தலைவர்களின் வலைப்பின்னல் ஒரு காரணம், இந்த எரிச்சலும் ஒரு காரணம்.

ஆதிகுடிகள் கதை இன்னும் கூர்மை. ஜனத்தொகையில் இரண்டரை சதவீதம். எல்லோருக்கும் முன்னால் ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தீவில் இருப்பவர்கள். தைவான்காரர் என்று சொல்லிக்கொள்ள யாருக்காவது முதல் உரிமை என்றால் அவர்களுக்குத்தான். ஆனால் அவர்கள் ஓட்டு பெரும்பாலும் கோமிண்டாங் பக்கம். அவர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு மலைக்குத் துரத்தியது 1949-இல் வந்தவர்கள் இல்லை. அதற்கு முன்னூறு வருடமாக வந்துகொண்டே இருந்த ஹொக்கியன், ஹக்கா குடியேறிகள். ‘நாங்கள்தான் மண்ணின் மைந்தர்கள்’ என்று அவர்கள் மேடையில் முழங்கும்போது, மலைமேல் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? 2016 ஆகஸ்ட் 1 அன்று சாய் அரசின் சார்பில் ஆதிகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அவருடைய அப்பா வழிப் பாட்டியே பைவான் குடியைச் சேர்ந்தவர். அப்படியும் அந்தத் தொகுதிகளின் ஓட்டு பெரிதாகத் திரும்பவில்லை. ஆக ஒரே அடையாளம் ஒருவருக்கு வீடு, இன்னொருவருக்கு வீட்டைப் பிடித்தவன் போட்ட பெயர்ப்பலகை.

கருத்துக்கணிப்பு எண்களை அப்படியே நம்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, வார்த்தை. அங்கே ‘சீனர்’ என்பதற்கு இரண்டு சொல் உண்டு: ஸோங்குவோரென், ஹுவாரென். முதலாவது சீன நாட்டுக்காரர், இரண்டாவது சீன வம்சத்தவர். மலேசியாவில், சிங்கப்பூரில் இருக்கும் சீனர் தன்னை இரண்டாவது சொல்லால்தான் சொல்லிக்கொள்வார். அங்குள்ள ஒரு தமிழரிடம் ‘நீங்கள் இந்தியரா?’ என்று கேட்டால் வம்சத்தை நினைத்தால் ஆமாம் என்பார், பாஸ்போர்ட்டை நினைத்தால் இல்லை என்பார், அந்த மாதிரி. தைவான் கணிப்பில் கேட்பது முதல் சொல். அதை மறுப்பதால் அவர்கள் தாத்தா பாட்டியை மறுக்கிறார்கள் என்று ஆகிவிடாது. சீனப் புத்தாண்டும் கொண்டாடுவார்கள், மாஸு அம்மனுக்குத் தேரும் இழுப்பார்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்கிற விதம். இதற்கு நல்ல உதாரணம் தைவானில் இல்லை, பிரிட்டனில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் ‘பிரிட்டிஷ்’ என்று மட்டும் குறித்தவர்கள் 2011-இல் 19.1 சதவீதம், 2021-இல் 54.8 சதவீதம். நடுவில் பிரெக்ஸிட் எல்லாம் வந்து தேசப்பற்று பொங்கிவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் அதற்குள் கேள்வித்தாளில் இங்கிலாந்துக்கு ‘பிரிட்டிஷ்’ என்ற கட்டத்தை முதல் வரிசைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த ஏற்றத்தில் ஒரு நல்ல பங்கு அதனால்தான். மனசுக்குள் இருப்பதாக நாம் நினைக்கிற எண்ணத்தில் கொஞ்சம், தாளில் எது மேலே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

நெஞ்சில் இருப்பது ஓட்டுச்சீட்டில் அப்படியே இறங்காது என்பதற்கும் தைவானிலேயே சாட்சி உண்டு. ஒலிம்பிக்கில் தைவான் ‘சீன தைபே’ என்ற பெயரில்தான் ஆட முடியும். 2018 நவம்பரில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ‘தைவான்’ என்றே விண்ணப்பிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்பது ஜெயித்தது, 57 லட்சத்துக்கு மேல். வேண்டும் என்றவர்கள் 47 லட்சம். பெயரை மாற்றினால் சர்வதேச ஒலிம்பிக் குழு மொத்தமாகவே விலக்கிவிடும், வீரர்களின் உழைப்பு பாழ் என்ற பயம். வீராங்கனைகளே அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். என் தோழியும் வேண்டாம் என்றுதான் போட்டாளாம். கேட்டதற்கு, ‘பெயர் எனக்குத் தெரியும், அவர்கள் ஓடட்டும்’ என்றாள். உடனே தனிநாடு என்று அறிவிக்க வேண்டும் என்பவர்கள் கணிப்புகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். பெரும்பான்மை, இருப்பது இப்படியே இருக்கட்டும் என்பதே. 64 சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போர் வரும் என்று யூடியூபில் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2024 ஜனவரி தேர்தலில் முன்னேற்றக் கட்சியின் லாய் சிங்-தே ஜெயித்தார், ஆனால் 40 சதவீத ஓட்டில்தான். நாடாளுமன்றப் பெரும்பான்மையும் போயிற்று. ஹௌவுக்கு 33.5. மூன்றாவதாக நின்ற டாக்டர் கோ வென்-ஜேவுக்கு 26.5, அதில் இளைஞர்கள் நிறைய. சீனாவோடு எந்த ஒட்டும் உணராத தலைமுறை இது. இயல்பாகவே தைவான்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. முன்னேற்றக் கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள் என்று எதிர்பார்த்தது அவர்களைத்தான்.

என் தோழி கோவுக்குப் போட்டாள். வீடியோ அழைப்பில் காரணம் கேட்டேன். ‘மூன்று பேரும்தான் ஒரு நாடு இரண்டு அமைப்பு வேண்டாம் என்கிறார்கள். அது முடிந்த விஷயம். சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது, அதை யார் பேசுகிறார்?’ என்றாள். தம்பி லாய்க்கு, அப்பா அம்மா ஹௌவுக்கு. ஒரே வீட்டில் மூன்று கட்சி.

அடுத்த வருடம் கோமிண்டாங் உறுப்பினர்கள் சீனாவுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தை முடக்குகிறார்கள் என்று சொல்லி, அவர்களைத் திரும்பப் பெறப் பெரிய இயக்கம் கிளம்பியது. ‘சீனாவை எதிர்த்துத் தைவானைக் காப்போம்’ என்ற அதே குரல். 2025 ஜூலை 26 அன்று 24 உறுப்பினர்கள் மேல் வாக்கெடுப்பு; 24 பேரும் தப்பினார்கள். ஆகஸ்டில் இன்னும் ஏழு பேர், அவர்களும் தப்பினார்கள். முழங்கியவர்களுக்கு அதிர்ச்சி. எனக்கு அவ்வளவாக இல்லை. வேலியில் கை வைத்தது வெளியாள் என்று நம்ப வைக்க முடிந்தால்தான் ஊர் திரளும்; பக்கத்து வீட்டுக்காரர், நாம் போன வருடம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர், அவரைத் திருடன் என்றால் எத்தனை பேர் வருவார்கள்?

தாவோயுவானின் ஆறு உறுப்பினர்களும் அந்த 24-இல் இருந்தார்கள். சின்ச்சுவிலிருந்து என் தோழியின் ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போட்டாயா என்று அன்று ராத்திரி செய்தி அனுப்பினேன். போகவில்லை, சனிக்கிழமையாச்சே, வீட்டுக்காரர் வாடகை ஏற்றிவிட்டார், வேறு அறை பார்க்கப் போயிருந்தேன் என்று பதில் வந்தது.